ஒரே பானைச் சாமை

கருப்பண்ணன் கொல்லிமலையில் தேவனூர் நாட்டுக்காரன், மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. மிளகுக்கொடி ஏற்றிய மரம் கொஞ்சம், மரவள்ளி போட மேட்டுக்காடு கொஞ்சம், பொன்னம்மாள் என்று ஒரு பெண்டாட்டி, தேன்மொழி என்று ஒரு பெண் குழந்தை. 1997ல் திருச்செங்கோட்டு போர்வெல் முதலாளி ஒருவர் தன் வண்டியைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்கு அனுப்பினார். வண்டி ஓட்ட என்னைக் கூப்பிட்டார். துளைபோடுகிற ராடு தூக்கவும் சோறாக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் காளப்பநாயக்கன்பட்டிக்காரன், மலைக்குக் கிழங்கு லோடு ஏற்றப் போய்ப் பழக்கம். கருப்பண்ணனைச் சொன்னேன். வெயிலும் குளிரும் தாங்குவான், வாயைத் திறக்க மாட்டான் என்று கணக்குப் போட்டேன். வெயில் விஷயம் சரியாகத்தான் இருந்தது.

புறப்படுகிற அன்று பொன்னம்மாள் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து அவன் பைக்குள் வைத்தாள். உள்ளே சாமை. என்ன இது, அங்கே அரிசி கிடைக்காதா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், ஊத்தங்கால் பஸ் நிறுத்தத்திலிருந்து அடிவாரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

அவர்கள் குலத்தில் ஒரு வழக்கம். புதிதாக அறுத்த சாமையைக் குலசாமி முன்னால் பொங்கி, ஒரே பானையிலிருந்து பங்காளிகள் மட்டும் தின்பார்கள். புதிர்ச் சோறு என்று பேர். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் வாசலில் நின்றாலும் அவனுக்குக் கிடையாது. தூரதேசம் போகிறவன் அந்தச் சாமையில் கொஞ்சம் முடிந்து எடுத்துப்போய், போன இடத்தில் நல்லது நடக்கிற நாளில் பொங்குவான். அதை யாராவது கூடத் தின்றால் அவன் பங்காளி. பங்காளி செத்தால் தீட்டு. கருமாதி முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் ஆணும் பெண்ணும் நாட்டு எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது.

“அப்ப எனக்கு ஒரு வாய் கூட இல்லையா?” என்றேன்.

“உங்களுக்கெதுக்குங்க டிரைவரே. நாளைக்கு நீங்க செத்தா நான் மொட்டையடிக்கோணும்” என்றான்.

கானாவில் அசாரே என்று ஒருவர். அரசாங்கக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டுவிட்டு நாலைந்து சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு பல்கலைக்கழகம் ஆரம்பித்திருந்தார். பல்கலைக்கழகம் என்றால் நம் ஆள் மனசில் பெரிய கட்டடம் வரும். அது ஒரு வாடகை வீடு. கார் நிறுத்துகிற கொட்டகையில் வகுப்பு, சமையலறையில் புத்தக அலமாரி. ஒருத்தரும் லாபம் எடுக்கக் கூடாது, மிஞ்சுவது எல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்கே என்று எழுதிப் பதிந்திருந்தார்கள். ஊரில் சிரித்தார்கள். முதலாளி இல்லாத கடையில் எவன் சரக்கு வாங்குவான் என்று கேட்டவனை நானே பார்த்தேன். அந்த நாட்டு அரசாங்கமும் ஒரு கண்ணால்தான் பார்த்தது. சொந்த இடம் காட்டினால்தான் அடுத்த அனுமதி என்று சொல்லிவிட்டது.

ஊருக்கு வெளியே ஒரு குன்றில் இடம் கிடைத்தது. யாருக்கும் வேண்டாத இடம், அதனால் கிடைத்தது. பாறை. இரண்டு கம்பெனிக்காரர்கள் துளை போட்டுப் பார்த்துப் புழுதியோடு இறங்கிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வண்டி 1999ல் அந்தக் குன்றில் ஏறியது. நாங்களும் இரண்டு குழி போட்டுப் புழுதிதான் பார்த்தோம். மூன்றாவது குழிக்கு அசாரே வாத்தியார் காலையிலேயே வந்து ஒரு கல்லின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடவும் இல்லை. அந்தக் குழியும் பொய்த்தால் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று எங்கள் சூப்பர்வைசர் சொன்னார்.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் புழுதி சேறாக மாறியது. அப்புறம் தண்ணீர் பீச்சி அடித்தது. வாத்தியார் சட்டை, கண்ணாடியோடு அதற்குள் போய் நின்றார். அழுதாரா என்று கேட்டால் தெரியாது, முகமெல்லாம் சேறு.

இந்தப் பக்கம் பார்த்தால் கருப்பண்ணன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். புதுத் தண்ணீரைப் பிடித்து, மூன்று கல் கூட்டி, சாமையைப் பொங்கினான். எங்களை ஒருத்தரையும் பக்கத்தில் விடவில்லை. தனக்கு மட்டும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது வாத்தியார் சொட்டச் சொட்ட வந்து அவன் எதிரில் குத்துக்காலிட்டார். பசி. கையை நீட்டினார்.

கருப்பண்ணன் அந்தக் கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு பானையையே நடுவில் நகர்த்திவைத்தான். இரண்டு பேரும் ஒரே பானையில் கைவைத்துத் தின்றார்கள்.

“சூப்பர்வைசரே, இதச் சொல்லுங்க அவருகிட்ட. இனிமே அவரு எனக்கு அண்ணன்.”

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார். வாத்தியார் சிரிக்கவில்லை. அண்ணன் என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம். அவரு செத்தா நான் மொட்டையடிச்சு ஊட்டுல உக்காருவேன். நான் செத்தா அவரு உக்காரோணும்.”

“உட்காருகிறேன்” என்று வாத்தியார் சொன்னதாக சூப்பர்வைசர் சொன்னார். நான் அன்றைக்கு அதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்தேன்.

வண்டி அடுத்த ஊருக்குப் போனது. நான் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினேன். கருப்பண்ணனை வாத்தியார் விடவில்லை. மோட்டார் போட, தொட்டி பார்க்க என்று அங்கேயே வைத்துக்கொண்டார். குன்றில் முதல் கட்டடம் வந்தது. பிறகு பெண்கள் விடுதி வந்தது. கம்ப்யூட்டர் வகுப்பு வந்தது. முதல் பட்டமளிப்புக்குப் பக்கத்துச் சர்ச்சில் நாற்காலி இரவல் வாங்கினார்கள், அடுத்ததற்குச் சொந்த நாற்காலி. சிரித்தவர்களே பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். கருப்பண்ணன் மாதம் ஒரு தரம் சோளக்காட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுப் பெண்டாட்டியோடும் மகளோடும் பேசுவான். சந்தை நாளில் நான் அங்கே இருந்தால் என்னோடும் பேசுவான்.

“பொண்ணுங்க கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு மேடை ஏறுதுங்க டிரைவரே. எதப் பாத்தாலும் எம்புள்ள மாதிரியே இருக்குது.”

வாத்தியார் பக்கத்தில் இருந்தால் போனை அவரிடம் கொடுப்பான். தேன்மொழி பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் “குட்மார்னிங் பெரியப்பா” என்பாள். பூத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்தப் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தக் கூடாது என்று வாத்தியார் அவனிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

2003ல் திரும்பி வந்தான். நெஞ்சில் அந்தப் பல்கலைக்கழகத்து முத்திரை போட்ட பனியன். பையில் ஒரு போட்டோ, அவனும் வாத்தியாரும் கிணற்றடியில் தோளில் கைபோட்டு நிற்பது. மலையில் யார் கையில்தான் அதைக் கொடுக்கவில்லை. டீக்கடையில் காட்டினான், ரேஷன் கடை வரிசையில் காட்டினான், அறப்பளீசுவரர் கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்களை நிறுத்திக் காட்டினான். நாங்க கட்டுன பல்கலைக்கழகம், இவரு எங்க அண்ணன், புதிர்ச் சோறு தின்ன அண்ணன். ஊரில் அவனுக்கு ஆப்பிரிக்கா என்று பேர் வைத்தார்கள். அதற்கும் திரும்பிப் பார்த்தான்.

பொன்னம்மாளின் அண்ணன் செல்லமுத்து. கருப்பண்ணனுக்கு மச்சான். போட்டோவைத் தூரப் பிடித்துப் பார்ப்பான், கிட்டப் பிடித்துப் பார்ப்பான்.

“ஏப்பா மாப்ள, ரெண்டு பேரும் நின்னா எது அண்ணன் எது தம்பின்னே தெரியலியே. உங்கம்மா சொல்லாம மறைச்சுட்டாளா?”

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கருப்பண்ணனும் சிரிப்பான்.

செல்லமுத்துவின் சிரிப்பில் ஒரு விஷயம் இருந்தது. அவன் மகன் செல்வம் ஜீப் ஓட்டுகிறவன். தேன்மொழி முறைப்பெண். அவள் வயதுக்கு வந்த நாளிலிருந்தே பேச்சு. கருப்பண்ணன் ஊரில் இல்லாத ஆறு வருஷமும் பொன்னம்மாள் வீட்டுக்கூரை மேய்ந்ததும் மிளகு பறித்துக் கொடுத்ததும் அந்த அண்ணன்தான். அந்த உதவியை அவன் மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை.

“புள்ள பன்னெண்டாவது முடிச்சுட்டா முடிச்சுப் போட்டுறலாம் மாப்ள.”

“டீச்சருக்குப் படிக்கப் போறா மச்சான். அண்ணங்கிட்டச் சொல்லியிருக்கேன்.”

“எந்த அண்ணங்கிட்ட?”

“வாத்தியார் அண்ணங்கிட்ட.”

“கூரை மேய வந்தவன் எந்த அண்ணன்?” என்று செல்லமுத்து கேட்டான். கருப்பண்ணன் போட்டோவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அன்றைக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

2005ல் தேன்மொழி நல்ல மார்க் வாங்கினாள். ஆசிரியர் பயிற்சிக்குத் திருச்சியில் கவுன்சிலிங், வருகிற திங்கட்கிழமை நேரில் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்குகிற என் கிழங்கு லோடிலேயே அடிவாரம் வந்து, அங்கிருந்து பஸ் ஏறுவது என்று பேசி முடித்தோம்.

அதற்கு முன்னால் வந்தது சோளக்காட்டுச் சந்தை. பலாப்பழமும் வாழையும் வாங்க அடிவாரத்து வியாபாரிகள் கூட்டம். நான் லாரியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். பூத்துக்காரன் கருப்பண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், வெளிநாட்டுப் போன் என்று. உள்ளே போனவன் வெளியே வந்து, பலாப்பழக் குவியலுக்கு நடுவில் மண்ணில் உட்கார்ந்தான்.

“எங்கண்ணன் போயிட்டானே. என் பானையில தின்ன அண்ணன் போயிட்டானே.”

தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சந்தையே நின்று பார்த்தது. வாத்தியாருக்கு மார்வலி, வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. அவன் அதைத் தனியாகப் போய் அழுதிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். சத்தம் போட்டு அழுவதுதான் மலையில் மரியாதை. அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தான்.

செல்லமுத்து இரண்டு தார் வாழைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவன், பேச்சை விட்டுவிட்டு வந்தான். குனிந்து மாப்பிள்ளையின் தோளைத் தொடப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

“தீட்டாச்சே மாப்ள. தொடக் கூடாது. புள்ளையக் கூட்டிட்டு ஊட்டுக்குப் போ. கருமாதி வரைக்கும் எல்லைக்கல்லத் தாண்டாதீங்க.”

கருப்பண்ணன் அழுகையை நிறுத்தினான். அப்போதுதான் அவனுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தார்ப்பாய்க் கயிற்றை விட்டுவிட்டு இறங்கினேன்.

மறுநாள் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். ஊர்க்கவுண்டர் சின்னராசு, கெட்ட மனிதர் இல்லை. கூட்டத்தில் யார் குரல் பெரிதோ அந்தப் பக்கம் சாய்கிறவர். முதலில் பங்காளிகள் எழுந்தார்கள். அவர்களுக்கு வேறு பயம்.

“ஏனுங்க கவுண்டரே, இவன் எங்கியோ போய் எவனுக்கோ சோறு போட்டதுக்கு நாங்க காட்டுவேலைய விட்டுப்போட்டு உக்கார முடியுங்களா? கெழங்கு புடுங்கற காலம்.”

“அந்தப் பானையில தின்னவன் இவன் ஒருத்தன்தான். தீட்டும் இவன் ஊட்டோட நிக்கட்டுமுங்க.”

அவர்களுக்கு உடனே தீர்ப்பு கிடைத்தது. தீட்டு கருப்பண்ணன் வீட்டுக்கு மட்டும். பங்காளிகள் துண்டை உதறிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். கூடப்பிறந்த தம்பி ஒருத்தன் அந்த வரிசையில் இருந்தான். அவனும் நகர்ந்தான்.

கருப்பண்ணன் கைகட்டி நின்றான். “நான் உக்காந்துக்கறேனுங்க. மொட்டையடிச்சுக்கறேன். புள்ள மட்டும் திங்கக்கெழமை கீழ போயிட்டு வந்துறட்டும்.”

“புள்ள எந்த ஊட்டுப் புள்ள?” என்றான் செல்லமுத்து. “பெரியப்பன்னு போன்ல கூப்புட்டது யாரு? இந்தப் பூத்துக்காரனக் கேளுங்க.”

கேட்க வேண்டியதே இல்லை. எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

சின்னராசு மோவாயைத் தடவிக்கொண்டு ஒரு வழி சொன்னார். “ஒண்ணு செய்யி கருப்பண்ணா. அவன் உனக்கு அண்ணன்னா ஊட்டுல உக்காரு. இல்ல, சும்மா வாய்க்கு வந்ததப் பேசிட்டேன், அவன் எனக்கு யாருமில்லன்னா, இந்தச் சொம்புத் தண்ணியத் தெளிச்சு விட்டுப்போட்டுப் புள்ளையக் கூட்டிட்டுப் போ.”

கோயில் சொம்பைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தார்கள். தேன்மொழி பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். மார்க்குத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மாராப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பொன்னம்மாள் அண்ணன் பக்கத்தில் நின்றாள். கருப்பண்ணன் சொம்பை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. அந்தக் குன்றில் கை நீட்டியவரைப் பார்த்த மாதிரியே சொம்பைப் பார்த்தான்.

எடுத்தான். தண்ணீரைக் கையில் ஊற்றித் தோளுக்குப் பின்னால் தெளித்தான்.

“அவன் எனக்கு யாருமில்லீங்க.”

கேட்கவில்லை என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். மறுபடி சொல்ல வைத்தார்கள்.

“யாருமில்லீங்க. சத்தியமா யாருமில்ல.”

அவன் மகளைப் பார்த்து வா என்று கையசைத்தபோது செல்லமுத்து எழுந்தான். அவன் இதற்காகத்தான் காத்திருந்தான்.

“இருங்க மாப்ள. யாருமில்லாத ஒருத்தனுக்குக் குலசாமிச் சோத்த எப்படிப் போட்டீங்க?”

பங்காளிகள் திரும்பிப் பார்த்தார்கள். செல்லமுத்து மேலே பேசினான்.

“அண்ணன்னா சரி. தீட்டோட போச்சு. யாருமில்லன்னு இப்பத்தான் சாமி முன்னால சொன்னீங்க. அப்ப அது புதிர் கெட்ட சோறு. நான், பொண்ணு குடுத்த ஊட்டுக்காரன், வருசா வருசம் வாசல்ல நின்னுட்டுப் போறேன். எனக்கு ஒரு உருண்டை குடுத்தீங்களா? ரோட்ல போறவனுக்குக் குடுத்தீங்க.”

அதில் உண்மையான வலி கொஞ்சம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் அது அத்தனை ஆழமாக வெட்டியது. விலகி உட்கார்ந்த பங்காளிகள் இப்போது முன்னால் வந்தார்கள். எங்க சாமிய எச்சப் பண்ணிட்டான் என்று ஒருத்தன் ஆரம்பித்தான். சின்னராசு பெரிய குரல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். புதிர் கெடுத்தவனுக்கு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குலசாமிக்குத் திரும்பப் பொங்கி, பங்காளிகள் எல்லோரும் வந்து கைநனைத்து ஏற்றுக்கொள்கிறவரை விலக்கு. அந்த வீட்டுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, நல்லது கெட்டது இல்லை. அப்படிப் பொங்குவது அடுத்த சாமை அறுவடையில்தான். அதுவரைக்கும் பெண்ணை அம்மாக்காரி தன் அண்ணன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

“அப்பனோட கீழ எறங்குனா?” என்று நான் கேட்டேன்.

“எறங்கலாமுங்க டிரைவரே. யாரு புடிச்சாங்க. திரும்ப வாரப்ப அவுங்களுக்கு இங்க யாரும் இருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்” என்றார் சின்னராசு, என் முகத்தைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை விடிந்ததும் லாரியை அவன் வீட்டு முன்னால் நிறுத்தினேன். பொன்னம்மாள் தன் பெட்டியை எடுத்து வெளியே வைத்திருந்தாள், அண்ணன் வீட்டுக்குப் போக.

“ஆறு வருசம் தனியா இருந்தேன். இன்னும் தனியாத்தான் இருக்கச் சொல்றீங்க. நீங்க அங்கியே இருந்திருக்கலாம்” என்றாள். சத்தம் கூடப் போடவில்லை.

அப்பனும் மகளும் கேபினில் ஏறினார்கள். எல்லைக்கல் வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். “போங்க” என்றான். கொண்டை ஊசி வளைவுகளில் கிழங்கு மூட்டை பக்கத்துக்குப் பக்கம் நகர்கிற சத்தம். பாதி மலை இறங்கிய பிறகு தேன்மொழி கேட்டாள்.

“அப்பா, பெரியப்பா இருந்திருந்தா கோச்சுக்குவாரா?”

“அப்படிக் கூப்புடாத கண்ணு. தண்ணி தெளிச்சாச்சு.”

இடம் கிடைத்தது. அவள் விடுதியில் சேர்ந்தாள். அவன் மட்டும் மலைக்குத் திரும்பினான். நான் கீழேயே இருக்கச் சொன்னேன், என் லாரி செட்டில் இடம் இருந்தது. காட்டை விட்டுட்டு எங்கே வர என்றான். அடுத்த அறுவடையில் சாமை பொங்கினான். ஒருத்தனும் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் பொங்கி, வாசலில் பானையை வைத்துக்கொண்டு இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்தான். தம்பி அந்த வழியாகவே மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். மாடு நின்று பார்த்ததாம், தம்பி நிற்கவில்லையாம். மூன்றாவது வருஷம் அவன் சாமையே விதைக்கவில்லை. செல்வத்துக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள், அந்தக் கல்யாணச் சத்தம் இவன் வீடு வரைக்கும் கேட்டது.

ஒரு தரம் கானாவிலிருந்து போன் வந்தது. வாத்தியார் இடத்துக்கு வந்த புது அதிகாரியின் ஆபீசிலிருந்து, அங்கே வேலை பார்க்கிற ஒரு தமிழ்ப் பையன் பேசினான். இப்போது ஆயிரக்கணக்கில் படிக்கிறார்களாம், இன்ஜினியரிங்கும் வந்துவிட்டதாம். நகரத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வந்ததால் அந்தக் கிணற்றை மூடி, மேலே கார் நிறுத்தத் தளம் போட்டுவிட்டார்களாம். கருப்பண்ணன் கேட்டுக்கொண்டு போனை வைத்தான். பூத்துக்காரன் விலக்கப்பட்டவன் தொட்ட போனைத் துணியால் துடைத்தான்.

தேன்மொழி படித்து முடித்தாள். அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கூட வேலை பார்க்கிற அருள்பிரகாஷ் என்ற பையன் எடப்புளி நாட்டுக்காரன், மலையின் அந்தக் கோடி, அவனும் மலைக்காரன்தான், நல்ல பையன். அவன் வீட்டில் பெண் கேட்டார்கள். 2009. அவளை நான்தான் லாரியில் மலைக்குக் கூட்டிப்போனேன். அப்பனைப் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். அவன் முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பனியன்தான் போட்டிருந்தான், முத்திரை அழிந்துபோய்ச் சட்டியின் கரி மாதிரி ஒரு திட்டு.

“டீச்சரம்மா வாங்க” என்றான்.

அவள் உட்காரவில்லை. கல்யாணத்தைச் சொன்னாள். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அவள் மிளகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, அவுங்க ஊட்டுல பெரியவுங்க விலக்கு வழக்கெல்லாம் பாக்கறவுங்க. அப்பா இல்லன்னு சொல்லிட்டேன்.”

“இல்லன்னா?”

“செத்துட்டீங்கன்னு. ஆப்பிரிக்காவுலயே.”

கருப்பண்ணன் மிளகைக் கையால் பரத்திக்கொண்டே இருந்தான்.

“எப்படிச் செத்தேன்னு சொன்னே?”

“போர்க்கெணத்துல விழுந்துன்னு.”

“தப்பாச் சொல்லிட்டியே சாமி. அது இத்தனூண்டுக் குழி. அதுல எவன் விழுவான்? காய்ச்சல்ல போயிட்டான்னு மாத்திச் சொல்லு. அந்தப் பக்கம் காய்ச்சல் சாஸ்தி. கேட்டா நம்புவாங்க.”

அவள் அழுதாள். அவன் எழுந்து பக்கத்தில் போகவில்லை.

“அம்மா?” என்று கேட்டான்.

“அம்மா ஒத்துக்கிச்சு. செல்லமுத்து மாமாதான் தாரை வாத்துக் குடுக்கறாங்க.”

“மச்சான் நல்லாச் செய்வான். கூரை மேஞ்சவனாச்சே” என்றான்.

கல்யாணம் சேந்தமங்கலத்தில் ஒரு மண்டபம். வாழையிலையும் காய்கறியும் என் லாரியில்தான் போனது. இறக்கிவைக்கிற ஆளாக கருப்பண்ணன் வந்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். செத்தவனை யாருக்கு அடையாளம் தெரியும் என்றான். சமையல்கட்டு ஜன்னல் வழியாக மேடை தெரிந்தது. செல்லமுத்து புது வேட்டியில் அப்பன் இடத்தில் நின்று பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்தான். பொன்னம்மாள் நெற்றியில் பொட்டில்லாமல், தாலியைக் கழற்றிவைத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் நின்றாள். தாலி கட்டுகிற நேரத்தில் விதவை முன்னால் வரக் கூடாதே. அவள் ஒரு தரம் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினாள். கருப்பண்ணன் அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

சமையல்காரன் ஒருத்தன் அவனைப் பார்த்து, “ஏப்பா, இங்கியே நிக்காம கடைசிப் பந்தியில உக்காந்து தின்னுட்டுப் போ” என்றான். உட்கார்ந்தான். தேன்மொழியும் மாப்பிள்ளையும் பந்தி விசாரித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரையும் கேட்ட மாதிரி இவனையும் கேட்டார்கள்.

“நல்லாச் சாப்புடுங்க” என்றாள் தேன்மொழி.

“ஆகட்டுமுங்க டீச்சர்” என்றான்.

திரும்பும்போது காளப்பநாயக்கன்பட்டி வந்ததும் லாரியை நிறுத்தச் சொன்னான். மலையில் எந்த நாவிதரும் அவனுக்குக் கத்தி வைக்க மாட்டார். ரோட்டோரம் ஒரு சலூனில் போய் உட்கார்ந்து, மொட்டை அடித்துவிடச் சொன்னான். மீசையையும் எடுக்கச் சொன்னான்.

கடைக்காரர் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கேட்டார். “யாருக்குங்க காரியம்?”

“ரெண்டு பேருக்குங்க.”

“ரெண்டு பேரும் ஒண்ணாவா போனாங்க?”

“இல்லீங்க. எங்கண்ணன் நாலு வருசம் முந்திப் போனான், அப்ப எனக்கு உக்கார முடியாமப் போச்சு. இன்னொருத்தன் இப்பத்தான். அவனுக்கு உக்கார ஆளில்ல.”

கடைக்காரர் கத்தியை எடுத்தார். மயிர் தரையில் விழுந்தது, பாதி நரை. முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மலைக்குக் கடைசி பஸ் நின்றுகொண்டிருந்தது. இனிக் கருமாதி வரைக்கும் ஊட்டை விட்டு வர மாட்டேன், கிழங்கு லோடு ஏத்த வேற ஆள் பார்த்துக்கோங்க டிரைவரே என்று சொல்லிவிட்டு அதில் ஏறினான்.